பணியிட முடிவுகளும் அறக்கோட்பாடுகளும்: மரக்காணம் நிகழ்வை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

ஒழுக்கவியல் என்றதும் நம்மில் பலர் தனிமனித வாழ்வோடு தொடர்புடைய நற்பண்புகளையே நினைவுகூர்கின்றனர். பொய்யுரையாமை, புறம் பேசாமை, பெற்றோரைப் பேணல், அண்டை வீட்டாரை ஆதரித்தல் ஆகியவையே 'அக்லாக்' என்னும் சொல்லின் முழுப்பொருள் என்று கருதப்படுகிறது. ஆனால், மனிதன் விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி கடையிலும் அலுவலகத்திலும் ஆலையிலும் கழிகிறது. அங்கே அவன் எடுக்கும் முடிவுகள், அவன் முகமறியாத மனிதர்களின் உடலையும் உயிரையும் தொடுகின்றன. நம் ஃபிக்ஹு நூல்கள் கொடுக்கல் வாங்கலுக்குத் தனிப்பெரும் பாகங்களை ஒதுக்கியிருப்பதன் காரணம் இதுவே. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் இருப்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மேலைநாட்டுத் தத்துவ ஞானிகள் அறச்செயல் எது என்பதை அளந்தறியப் பல கோட்பாடுகளை வகுத்துள்ளனர். இன்றைய மேலாண்மைக் கல்வியிலும் மருத்துவக் கல்வியிலும் அவை பாடமாக இடம் பெறுகின்றன. நம் பிள்ளைகள் அவற்றைக் கல்லூரியில் கற்கின்றனர். மத்ரஸாவில் ஃபிக்ஹைக் கற்கின்றனர். இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது. நம் வட்டாரத்தில் நிகழ்ந்த ஒரு துயரத்தை நடுவில் வைத்து அவற்றை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிகழ்வும் அதைப் பற்றிய நம் மனப்பாங்கும்

திண்டிவனத்துக்குக் கிழக்கே, உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற மரக்காணத்தை அடுத்துள்ள மீனவர் குடியிருப்பு எக்கியார்குப்பம். 2023ஆம் ஆண்டு மே மாதம் அங்கே சாராயம் என்று விற்கப்பட்டதை அருந்தியவர்கள் அடுத்தடுத்து மயங்கி விழுந்தனர். பலர் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி மருத்துவமனைகளிலும் சேர்க்கப்பட்டனர். அதே நாள்களில் அண்டை மாவட்டமான செங்கல்பட்டிலும் இதே வகை மரணங்கள் நேர்ந்தன. இரு மாவட்டங்களிலுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் அருந்தியது காய்ச்சிய சாராயமன்று, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று தடய அறிவியல் ஆய்வை மேற்கோள்காட்டிக் காவல்துறை அறிவித்தது. அது சென்னை வட்டாரத்து வேதிப்பொருள் ஆலையொன்றிலிருந்து கைமாறி வந்தது என்று கூறி, ஆலையோடு தொடர்புடையோரையும் கைது செய்தது. காவல்துறை அதிகாரிகள் சிலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். வழக்கு மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. ஓராண்டு கழித்து 2024 ஜூனில், 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சியில் அதே நஞ்சு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது.

மெத்தனால் தன்னளவில் விலக்கப்பட்ட பொருளன்று. வண்ணப்பூச்சு, வார்னிஷ், பிசின் முதலிய எத்தனையோ தொழில்களுக்கு அது மூலப்பொருள். ஆனால், அது உடலினுள் சென்றால் கல்லீரலில் ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கிறது. 10 மில்லி அளவே பார்வையைப் பறிக்கக்கூடும். 30 மில்லி உயிரையே பறிக்கக்கூடும் என்பது மருத்துவ நூல்களில் காணப்படும் கணக்கு. மணத்திலும் சுவையிலும் அது சாராயத்தை ஒத்திருப்பதால், அருந்துபவனுக்கு வேறுபாடு தெரிவதில்லை.

'இறந்தவர்கள் மது அருந்தியவர்கள், மது ஹராம், இதில் நாம் ஆராய என்ன இருக்கிறது?' என்று வினவுவோர் நம்மிடையே உண்டு. இந்த மனப்பாங்கை முதலில் களைந்துவிட்டே மேலே செல்ல வேண்டும். மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரை அங்கிருந்த ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று கூறிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மது அருந்துதல் பாவம் என்பதால் அருந்தியவனின் உயிர் மலிவாகிவிடாது. ஓர் உயிரை அநியாயமாகப் பறிப்பதை மனித குலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பிடும் அல்மாயிதா அத்தியாயத்தின் வசனம், அந்த உயிருக்குரியவன் நல்லவனா தீயவனா என்று தரம் பிரிக்கவில்லை. மேலும், எக்கியார்குப்பத்தில் இறந்தோர் நஞ்சைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். நஞ்சு அவர்களுக்கு வேறு பெயரில் விற்கப்பட்டது.

ஆகவே, நம் வினா குடித்தவனைப் பற்றியது அன்று. பீப்பாய் சென்ற வழியில் நின்ற பணியாளர்களைப் பற்றியது. நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய குற்றப்பொறுப்பில் நாம் தலையிடவில்லை. ஒரு கற்பனை மனிதரை எடுத்துக்கொள்வோம். அவர் வேதிப்பொருள் கிடங்கொன்றில் கணக்கர். ஒருவர் வந்து மெத்தனால் கேட்கிறார். உரிமம் காட்டவில்லை, ரசீது வேண்டாம் என்கிறார், ரொக்கமாகக் கூடுதல் விலை தருகிறார். முதலாளி 'கொடுத்துவிடு' என்று தலையசைக்கிறார். கணக்கர் என்ன செய்ய வேண்டும்?

பயன்வாதம்: விளைவைக் கணக்கிடுதல்

ஒரு செயலின் நன்மை தீமை அதன் விளைவைப் பொறுத்தது. மிகப் பலருக்கு மிகுந்த நன்மை தருவதே அறம் என்பது பயன்வாதம். ஜெரமி பெந்தாம் 1789இல் வெளியிட்ட நூலில் இதனை முறைப்படுத்தினார். ஜான் ஸ்டூவர்ட் மில் அதனைச் செப்பனிட்டார். மில் வெறும் ஏட்டறிவாளர் அல்லர். 1823 முதல் 1858 வரை லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் ஊதியம் பெற்றுப் பணிபுரிந்தவர். அக்காலத்தில் விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய தென்னார்க்காடு அந்தக் கம்பெனியின் ஆளுகையில் இருந்தது என்பது நமக்குச் சுவையான செய்தி.

மில் 1859இல் வெளியிட்ட 'சுதந்திரம்' பற்றிய நூலில் நஞ்சு விற்பனை குறித்தே ஆராய்கிறார். நஞ்சுகளுக்குப் பயனுள்ள வேறு உபயோகங்களும் இருப்பதால் அவற்றை முற்றிலும் தடை செய்வது முறையன்று என்பது அவர் வாதம். அதற்கு மாற்றாக, புட்டியின்மீது எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும். விற்பவர் ஏட்டில் நேரம், வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். எதற்காக வாங்கப்படுகிறது என்று கேட்டு எழுத வேண்டும் என்கிறார். ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் வந்த, மெத்தில் ஆல்கஹால் பற்றிய 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு விதிகளும் உரிமமின்றி அதனை வைத்திருக்கவோ கையாளவோ கூடாது என்கின்றன. பதிவேடு என்பது அரசு நமக்கு இட்ட தொல்லை என்று கருதும் வணிகர்கள், அதன் பின்னே ஓர் அறநோக்கம் இருப்பதை உணர வேண்டும்.

பயன்வாதத்தின் பெருஞ்சிறப்பு, கணக்கில் ஒவ்வொருவரும் ஒருவராகவே எண்ணப்படுவது. ஆலை முதலாளியும் எக்கியார்குப்பத்து மீனவரும் அங்கே சமம். நம் மரபிலும் விளைவை நோக்கும் கண் உண்டு. 'சுல்தானுல் உலமா' என்று போற்றப்படும் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ், மறைவு ஹிஜ்ரி 660, கி.பி. 1262) ஷரீஅத் முழுவதும் நன்மைகளை ஈட்டுவதையும் கேடுகளைத் தடுப்பதையும் சுற்றியே அமைந்துள்ளது என்று தம் 'கவாயிதுல் அஹ்காம்' நூலில் நிறுவுகிறார். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அவரைப் போன்ற உஸூல் அறிஞர்கள் எல்லா நன்மைகளையும் ஒரே தராசில் இடுவதில்லை. மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அல்முஸ்தஸ்ஃபா'வில் வகைப்படுத்திய ஐந்தில், பொருளின் நன்மை உயிரின் நன்மைக்கு ஈடாக முடியாது.

பயன்வாதத்தின் குறையும் இங்கேயே வெளிப்படுகிறது. கணக்கைப் போடுபவன் கிடங்கில் அமர்ந்திருக்கிறான். அவன் கண்முன் இருப்பவை முதலாளியின் இலாபமும் தன் ஊதியமும் தன் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும். கடற்கரையில் இறக்கப்போகிறவர் தொலைவில் இருக்கிறார். அவர் இறப்பது உறுதியும் அன்று. அருகில் உள்ள சிறு நன்மை பெரிதாகவும், தொலைவில் உள்ள பெருங்கேடு சிறிதாகவும் தோன்றுவது மனித இயல்பு. கோட்பாடு சரியாக இருந்தும் கணக்கு பிழைத்துவிடுகிறது.

கடமைவாதம்: மனிதனைக் கருவியாக்காமை

இமானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட தம் ஒழுக்கவியல் நூலில் விளைவை ஒதுக்கிவிட்டுக் கடமையை முன்வைத்தார். அவர் தரும் எடுத்துக்காட்டே கடைத்தெருவைச் சார்ந்தது. ஒரு கடைக்காரர், விலை அறியாத குழந்தைக்கும் சரியான விலையிலேயே விற்கிறார். நேர்மை தம் கடமை என்பதற்காகவா, கடையின் நற்பெயருக்காகவா? இரண்டாவது காரணமாயின், செயல் சரியானதாயினும் அதில் அறமதிப்பு இல்லை என்பது காண்டின் தீர்ப்பு. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்னும் நபிமொழியை ஓதி வளர்ந்த நமக்கு இது புதிதன்று. ஆயினும் காண்டின் எண்ணம் பகுத்தறிவின் கட்டளைக்குப் பணிவது. நம் நிய்யத் அல்லாஹ்வின் திருப்திக்கானது. இவ்வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

காண்ட் இரு சோதனைகளை முன்வைக்கிறார். ஒன்று, நீ பின்பற்றும் விதியை எல்லோருக்கும் பொதுவிதியாக்க முடியுமா என்பது. 'விலை நன்றாக இருந்தால் பொருள் எங்கே போகிறது என்று கேட்க மாட்டேன்' என்பதை மருந்துக் கடைக்காரரும் வெடிமருந்து விற்பவரும் பூச்சிமருந்து விற்பவரும் பின்பற்றினால், நம்பி எதையும் வாங்கும் நிலையே உலகில் இராது. இரண்டாவது, மனிதனை வெறுங்கருவியாகக் கொள்ளாதே என்பது. ஏமாற்றப்படுபவன் தனக்கு நேர்வதற்கு இசைவு தர இயலாது. மெத்தனாலைச் சாராயம் என்று குடிக்கக் கொடுக்கும்போது, அருந்துபவன் பணம் கறக்கும் கருவியாகிவிடுகிறான். அவன் பாவியாயினும் அவனை ஏமாற்ற எவருக்கும் உரிமை இல்லை.

நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலினுள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம் பெறுகிறது. அங்கே வாங்குபவருக்கு இழப்பு ஏற்பட்டதா என்று கேட்கப்படவில்லை. மறைத்தலே குற்றமாயிற்று. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேண வேண்டும் என்று வணிகரைப் பற்றித் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் கூறுவதும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

காண்டின் கோட்பாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. கொலைகாரன் துரத்தி வந்து கேட்டாலும் பொய் சொல்லலாகாது என்று 1797இல் எழுதிய கட்டுரையில் அவர் வாதிட்டார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வில் நாவின் கேடுகளை ஆராயுமிடத்தில், நிரபராதியின் உயிரைக் காக்கப் பொய்யைத் தவிர வேறு வழியில்லை எனில் பொய் கடமையாகிவிடும் என்கிறார். நம் கணக்கர் 'முதலாளியின் இரகசியத்தைக் காப்பேன்' என்று வாக்களித்திருக்கலாம். வாக்கைக் காப்பதும் கடமை. உயிரைக் காப்பதும் கடமை. இரு கடமைகள் மோதும்போது எது முற்படும் என்பதற்குக் காண்டிடம் தெளிவான வரிசை கிடைப்பதில்லை. உயிர்க்காப்பு முற்படும் என்பதை ஷரீஅத்தின் வரிசை முன்னரே சொல்லிவிடுகிறது.

நற்பண்புக் கோட்பாடு: உள்ளத்தில் ஊன்றிய இயல்பு

மூன்றாவது கோட்பாடு மிகப் பழையது. 'என்ன செய்ய வேண்டும்' என்பதற்கு முன்னர் 'எத்தகைய மனிதனாக இருக்க வேண்டும்' என்று அது வினவுகிறது. நாம் 'அரிஸ்தூ' என்று ஓதும் அரிஸ்டாட்டிலின் ஒழுக்கவியல் நூல் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் அரபியாக்கம் பெற்றது. அதன் கைப்பிரதி மொரோக்கோவின் ஃபாஸ் நகரத்துக் கரவிய்யீன் நூலகத்தில் கிடைத்தது. மிஸ்கவைஹி (மறைவு ஹிஜ்ரி 421, கி.பி. 1030) 'தஹ்தீபுல் அக்லாக்' நூலில் அக்கருத்துகளை இஸ்லாமியச் சூழலில் வளர்த்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 505, கி.பி. 1111) அவற்றை வணக்கத்தோடும் உளத்தூய்மையோடும் இணைத்தார். 'குலுக்' என்பது உள்ளத்தில் வேரூன்றிய ஒரு நிலை. அதிலிருந்து செயல்கள் நீண்ட சிந்தனையின்றி எளிதாக வெளிப்படும் என்பது அவர் தரும் இலக்கணம்.

பணியிடத்துக்கு இவ்விலக்கணம் மிகவும் பொருந்துவது. மாலை நேரத்தில் வண்டி காத்திருக்க, தொலைபேசி ஒலிக்க, முதலாளி அவசரப்படுத்தும் வேளையில் எந்தக் கணக்கரும் பெந்தாமையும் காண்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார். அவரிடம் ஏற்கெனவே ஊன்றியிருக்கும் இயல்பே முடிவெடுக்கும். ரசீதின்றிச் சிறு பொருளை விற்கப் பழகியவர் பெரும்பொருளையும் அவ்வாறே விற்பார். அளவில் சிறு பிழை கண்டாலும் மூட்டையைத் திருப்பி எடைபோடும் பழக்கமுடையவர், பீப்பாய் வரும்போது ஒரு கணம் நின்று யோசிப்பார்.

இக்கோட்பாட்டிலும் குறை உண்டு. நல்லியல்பு உடையவர், தொழுகையாளி, கொடையாளி, ஆயினும் தம் தொழிலில் எது எல்லை என்று அறியாதவர் என்று எத்தனையோ பேரை நாம் காண்கிறோம். நல்ல உள்ளம் எல்லைக்கோட்டை வரைந்து தருவதில்லை. அதற்குச் சட்ட அறிவு வேண்டும். இங்கேதான் ஃபிக்ஹு துணைக்கு வருகிறது.

திராட்சை விற்பவன் பற்றிய சட்டவினா

'பழச்சாற்றை மதுவாக்கப்போகிறான் என்று அறிந்தும் அவனிடம் விற்கலாமா?' என்பது நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஒரு வினா. மாணவர்கள் இதனை ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணிக் கடந்து செல்வதுண்டு. உண்மையில் இன்றைய பணியிட அறத்தின் மையம் இதற்குள் அடங்கியுள்ளது.

'ஹிதாயா'வில் இமாம் மர்ஃகீனானி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 593, கி.பி. 1197) எடுத்துரைக்கும் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து, சாற்றை விற்பதில் குற்றமில்லை என்பது. பாவம் அப்பொருளோடு நேராகப் பிணைந்திருக்கவில்லை, அது மாற்றம் அடைந்த பின்னரே பாவம் நிகழ்கிறது என்பது காரணம். அவர்தம் மாணவர்களான இரு இமாம்களும் இதனை மக்ரூஹ் என்றனர். ஹன்பலி அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) 'அல்முஃக்னி'யில் அறிந்து விற்பது ஹராம் என்கிறார். மாலிகி மத்ஹப், தீமைக்கு இட்டுச் செல்லும் வழியை அடைத்தல் என்னும் தன் அடிப்படையின்படி தடுக்கிறது. ஷாஃபி மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) 'மின்ஹாஜ்' நூலில் விலக்கப்பட்ட விற்பனைகளோடு இதனைச் சேர்த்துள்ளார். வாங்குபவன் மதுவாக்குவான் என்று உறுதியாகத் தெரிந்தாலோ வலுவாக எண்ணத் தோன்றினாலோ ஹராம், ஐயம் மட்டுமே இருப்பின் மக்ரூஹ் என்று அதன் விரிவுரையாளர்கள் பிரித்துரைப்பர்.

மிகத் தளர்வான கருத்து இமாம் அபூ ஹனீஃபா அவர்களுடையது எனத் தோன்றும். ஆனால் அதே 'ஹிதாயா' ஆயுதம் பற்றி வேறுவிதமாகக் கூறுகிறது. கலகக் காலத்தில் கலகக்காரரிடம் ஆயுதம் விற்பது கூடாது. ஏனெனில், ஆயுதம் எந்த மாற்றமும் அடையாமலேயே, அதே பொருளைக் கொண்டே பாவம் நிகழ்கிறது. நம் பீப்பாயை இவ்விரண்டில் எதனோடு ஒப்பிடுவது? திராட்சைச் சாறு புளித்து மதுவாவதுபோல் மெத்தனால் எதுவாகவும் மாற வேண்டியதில்லை. பீப்பாயில் இருக்கும்போதே அது நஞ்சு. தண்ணீர் கலந்தாலும் நஞ்சே. ஆகவே அது சாற்றுக்கு நிகரானதன்று, ஆயுதத்துக்கே நிகரானது. குடிக்கக் கொடுப்பவனிடம் அறிந்து விற்பதற்கு நான்கு மத்ஹபுகளின் அடிப்படைகளிலும் இடமில்லை என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

அதே இடத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. கலகக்காரன் என்று அறியப்படாத பொதுமக்களிடம் ஆயுதம் விற்பதில் தடையில்லை. அதாவது, வாங்க வரும் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அவ்வாறாயின் ஐயப்படும் கடமை எங்கே தொடங்குகிறது? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா'வின் ஹலால் ஹராம் பகுதியில் கேட்டறிதல் பற்றித் தனியே ஒரு பாடம் அமைத்துள்ளார். அடையாளம் எதுவுமற்ற அறியாத மனிதரைத் துருவித் துருவிக் கேட்பது பேணுதலன்று. அது ஒரு முஸ்லிமின் மனத்தைப் புண்படுத்துவது. ஆனால் ஐயத்துக்குரிய அடையாளம் தென்பட்டுவிட்டால் கேட்டறிவது தேவையாகிறது. இதுவே அவர் வகுத்த பாதை.

நம் கணக்கரின் முன் நிற்பவரிடம் உரிமம் இல்லை. ரசீது வேண்டாம் என்கிறார். விலையைக் கூட்டித் தருகிறார். இவை மூன்றும் அடையாளங்கள். இந்நிலையில் 'எனக்குத் தெரியாது' என்பது அறியாமை ஆகாது; அறிய மறுத்தல் ஆகும். பயன்வாதியின் கணக்கு, காண்டின் பொதுவிதி, கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் அடையாளம் ஆகிய மூன்றும் வெவ்வேறு வழிகளில் நடந்து இறுதியில் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் காண்கிறோம். அடையாளம் தோன்றிய பின் கேட்டறிவது கடமை. விடை நிறைவளிக்காவிட்டால் கொடுக்காமல் இருப்பது கடமை.

'நான் நேரடியாகச் செய்யவில்லை'

சங்கிலியில் நிற்கும் ஒவ்வொருவரும் கூறும் சமாதானம் ஒன்று உண்டு. ஆலைக்காரர் 'நான் விற்றது இரசாயனம்' என்பார். ஓட்டுநர் 'நான் ஏற்றியது பீப்பாய்' என்பார். கலந்தவர் 'அது நஞ்சென்று அறியேன்' என்பார். உதுமானியர் காலத்தில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட சட்டநூலாகிய 'மஜல்லா'வின் 90ஆம் விதி, நேரடியாகச் செய்தவரும் காரணமாக இருந்தவரும் ஒருங்கே இருப்பின் தீர்ப்பு நேரடியாகச் செய்தவரையே சாரும் என்கிறது. இது அவர்களுக்குப் புகலிடம் ஆகாதா?

ஆகாது. அவ்விதி இழப்பீட்டை எவர்மீது சுமத்துவது என்ற உலகத் தீர்ப்புக்கு உரியது. அல்லாஹ்விடம் எழும் வினா அதனால் நீங்கிவிடுவதில்லை. மது தொடர்பாகப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாகத் திர்மிதி முதலிய நூல்களில் வரும் ஹதீஸில் பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர் என்று சங்கிலி முழுவதும் வரிசைப்படுத்தப்படுகிறது. அருந்துபவர் அவ்வரிசையில் ஒருவர் மட்டுமே. பாவத்துக்கும் வரம்புமீறலுக்கும் துணைபோகலாகாது என்று அல்மாயிதா அத்தியாயம் தடுப்பதும் இதனையே.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கள்ள நாணயம் பற்றிக் கூறுவது இங்கே பொருத்தமானது. தம் கைக்கு வந்த போலி நாணயத்தை ஒருவர் மற்றவரிடம் தள்ளிவிட்டால், அது கைமாறிக்கொண்டே இருக்கும் காலமெல்லாம் அதன் கேடு முதலில் தள்ளியவரையும் சாரும். ஆகவே அதனைக் கிணற்றில் எறிந்துவிடுவதே நலம் என்கிறார். இழப்பைத் தாம் ஏற்றுச் சங்கிலியைத் தம்மோடு அறுத்துவிடுதல் என்பது இதன் உட்பொருள். பணியிட அறத்துக்கு இதனினும் தெளிவான வழிகாட்டுதல் வேண்டுவதில்லை.

ஊரில் விற்பனை நடப்பது தெரிந்தும் வாளாவிருக்கும் அலுவலரின் நிலை என்ன? இமாம் மாவர்தி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 450, கி.பி. 1058) 'அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா'வில் முஹ்தஸிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளரின் அதிகாரத்தை வரையறுக்கிறார். மறைவாக நடப்பதை அவர் துருவி ஆராயலாகாது என்பது பொதுவிதி. ஆனால் நம்பத்தக்க ஒருவர், ஓர் உயிர் பறிக்கப்படவிருக்கிறது என்பதுபோல் பின்னர் ஈடுசெய்ய முடியாத செய்தியைக் கூறினால் துப்பறிந்து தடுக்க அவருக்கு அனுமதி உண்டு. தனிமனித உரிமையும் உயிர்க்காப்பும் மோதுமிடத்தில் எல்லைக்கோடு எவ்வளவு நுட்பமாக வரையப்பட்டுள்ளது என்பதை நோக்குக.

பலதரப்பட்டோர் பணிபுரியும் இடத்தில்

ஓர் ஐயம் எழலாம். நம் பணியிடங்களில் இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் சேர்ந்தே பணிபுரிகின்றனர். ஃபிக்ஹை எடுத்துரைத்து அவர்களோடு எவ்வாறு முடிவெடுப்பது? செயல்களின் நன்மை தீமையை அறிவே உணரும் என்றனர் முஃதஸிலாக்கள். வஹியே அதனைத் தீர்மானிக்கிறது என்றார் இமாம் அஷ்அரி (ரஹ்). இமாம் மாத்துரீதி (ரஹ், மறைவு ஹிஜ்ரி 333, கி.பி. 944) வழிவந்தோர், சில செயல்களின் நன்மை தீமையை அறிவு கண்டுகொள்ளும், ஆயினும் வஹியின் ஒளியின்றி அது நிறைவடையாது என்று இடைவழி கண்டனர். இவ்விடைவழி இன்று நமக்கு ஒரு பாலம். உயிரைக் காத்தல், ஏமாற்றாமை, நம்பிக்கையைப் பேணல் ஆகியவற்றில் உடன்பணிபுரிவோரோடு பொதுமொழியில் பேசலாம். மில்லும் காண்டும் அப்பொதுமொழிக்குச் சில சொற்களைத் தருகின்றனர். அதற்குமேல் நம்மைத் தூண்டுவது மறுமையின் விசாரணை.

இந்த அளவுகோல்கள் பீப்பாய்க்கு மட்டும் உரியவை அல்ல. விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு மணிலாவும் நெல்லும் கொண்டுவரும் விவசாயியின் மூட்டையை எடைபோடுபவர், மருத்துவர் சீட்டின்றித் தூக்க மாத்திரை கேட்கும் இளைஞனைக் காணும் மருந்துக் கடை ஊழியர், பழுதான தடைக்கட்டையோடு பேருந்தை எடுக்குமாறு பணிக்கப்படும் ஓட்டுநர் ஆகிய ஒவ்வொருவரும் தம்மைத் தாமே சில வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். இச்செயலின் கேடு எவரைச் சென்றடையும், அவரையும் என்னைப்போல் ஓர் ஆளாக எண்ணினேனா? நான் செய்வதை எல்லோரும் செய்தால் நான் இசைவேனா? இதனைப் பலமுறை செய்தால் நான் எத்தகைய மனிதனாவேன்? எனக்குத் தென்பட்ட அடையாளம் எத்துணை வலுவானது, அதனைக் கேட்டறிந்தேனா? முதல் வினா பயன்வாதத்தினது, இரண்டாவது காண்டினுடையது, மூன்றாவது நற்பண்புக் கோட்பாட்டினது, நான்காவது நம் ஃபுகஹாக்களுடையது. எந்த ஒன்றும் தனித்துப் போதுமானதன்று.

மறுப்பவர் வேலையை இழக்க நேரலாம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஊதியத்தை நம்பி வாழும் கணக்கரிடம் மட்டும் வீரத்தை எதிர்பார்த்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமன்று. வலுவுக்கேற்பவே பொறுப்பு. கணக்கரைவிட முதலாளிக்கும், முதலாளியைவிட அதிகாரமுடைய அலுவலருக்கும் பொறுப்பு மிகுதி. அறத்தைப் பேணியதால் வாழ்வாதாரம் இழந்தவரைத் தாங்கும் கடமை ஜமாஅத்துக்கு உண்டு. பைத்துல்மால் அமைத்துள்ள மஹல்லாக்கள் இதனையும் தம் செலவினங்களுள் ஒன்றாகக் கருதலாம்.

முடிவுரை

கள்ளக்குறிச்சித் துயரத்தின் பின் 2024 ஜூன் இறுதியில் தமிழகச் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்பை விளைவிக்கும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரை கடுமையாக்கியது. தண்டனை தேவையே. ஆயினும் சட்டம் பெரும்பாலும் மரணத்துக்குப் பின்னரே வருகிறது. மரணத்துக்கு முன் வரக்கூடியது, பீப்பாயின் வழியில் நிற்கும் ஒரு பணியாளரின் ஒரே ஒரு வினாதான்: 'இது எங்கே போகிறது?'

நம் ஜும்ஆ மேடைகளில் மதுவின் தீமையைப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். அதோடு விற்பவன், ஏற்றுபவன், பார்த்தும் பாராதிருப்பவன் ஆகியோரின் பொறுப்பையும் பேச வேண்டும். நம் மத்ரஸாக்களில் திராட்சை விற்பவன் பாடத்தை ஓதும்போது மெத்தனாலையும் சேர்த்து விளக்க வேண்டும். நம் கைகளைக் கடந்து செல்லும் ஒவ்வொரு பொருளும் இறுதியில் ஒரு மனிதரைச் சென்றடைகிறது என்னும் உணர்வை வல்ல அல்லாஹ் நம் அனைவரின் உள்ளங்களிலும் ஊன்றச் செய்வானாக! ஆமீன்.